பள்ளியில் கிரேக்கத் தத்துவம் புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்களா? புதுச்சேரி, கடலூர்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, 2024 அக்டோபர் கடைசியில், பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை கொண்டுவந்தாள். பண்டைய கிரேக்கச் சிந்தனையாளர்கள் பற்றி 20 பக்கங்களுக்கு மிகாமல் ஒரு புராஜெக்ட் செய்து, டிசம்பர் முதல் வாரத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றிருந்தது. எங்கள் வீட்டில் அதுவரை சாக்ரடீஸ் பெயரை உச்சரித்தவர் என் மாமியார் ஒருவர்தான், அதுவும் ஒரு பழைய சினிமாவில் பார்த்ததால். நானும் என் கணவரும் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள். பயந்துபோய், ஜெராக்ஸ் கடை ஒன்றில் 400 ரூபாய் கொடுத்து ஆயத்தமாக ஒரு புராஜெக்ட்டை வாங்கிவந்தோம். வழுவழுப்பான தாள், பக்கத்துக்கு ஒரு கலர் படம், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

வரைவைப் பார்க்கும் நாளில் ஆசிரியை இரண்டே கேள்விகள் கேட்டிருக்கிறார். மகளால் பதில் சொல்ல முடியவில்லை. புராஜெக்ட் திரும்பி வந்துவிட்டது. அன்று மாலை அவள் சாப்பிடாமல் படுத்ததை நான் மறக்கவில்லை. பணம் போனதைவிட, இதெல்லாம் தனக்கு எட்டாத விஷயம் என்று அவள் நினைத்துக்கொண்டதுதான் எனக்கு உறுத்தியது. அதற்குப் பிறகு நாங்கள் முதலிலிருந்து தொடங்கிச் செய்த வேலையை இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாள் வந்து விழுந்திருந்தால் எங்களுக்கு வீணான பத்து நாளும் 400 ரூபாயும் உங்களுக்கு மிஞ்சட்டும்.

1. சுற்றறிக்கையைப் பின்பக்கம் வரை படியுங்கள்

நாங்கள் முன்பக்கத்தை மட்டும் பார்த்தோம். பின்பக்கத்தில்தான் மதிப்பெண் பிரிவினை இருந்தது. 20 மதிப்பெண்ணில் 5 மதிப்பெண், "ஒரு தத்துவக் கேள்வியைக் குடும்பத்தினருடன் பேசி, அவர்கள் சொன்னதை இரண்டு பக்கங்களில் பதிவு செய்க" என்பதற்கு. கடையில் வாங்கிய தாள்களில் இது எப்படி இருக்கும்?

கீழ்க்கண்டவற்றைச் சுற்றறிக்கையில் தேடி, அடிக்கோடிடுங்கள்: கையால் எழுத வேண்டுமா, அச்சிடலாமா, தமிழா ஆங்கிலமா, தனியாகவா குழுவாகவா, எத்தனை பக்கம், வரைவு காட்டும் நாள் எது, இறுதி நாள் எது, வாய்மொழித் தேர்வு உண்டா. சான்றிதழ்ப் பக்கம், நன்றியுரை, பொருளடக்கம், துணைநூல் பட்டியல் ஆகிய நான்கும் பக்கக் கணக்கில் சேருமா என்பதையும் பிள்ளையை ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் சேராது என்றார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் நான்கு பக்கப் பாடத்தை முன்பே வெட்டியிருந்தோம்.

2. நாள்காட்டியில் மழையையும் எழுதுங்கள்

நம் பக்கத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பள்ளி எப்போது இருக்கும், நூலகம் எப்போது திறந்திருக்கும், கரண்ட் எப்போது போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்த ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. நாங்கள் இருப்பது அரியாங்குப்பம். வீட்டுக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். மகளின் குறிப்பேடு பரண்மேல் இருந்ததால் தப்பியது, ஒட்டுவதற்காக வாங்கிவைத்த தாள்கள் எல்லாம் ஊறிப்போயின. பள்ளியே தேதியைத் தள்ளிவைத்ததால் மூச்சு வந்தது.

ஆகவே, இறுதி நாளுக்குப் பத்து நாள் முன்பே முடிப்பதாகக் கணக்குப் போடுங்கள். படிக்க ஒரு வாரம், வீட்டில் பேச ஒரு வாரம், எழுத ஒரு வாரம், அச்சும் பைண்டிங்கும் இரண்டு நாள். எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் அன்றன்றே செல்போனில் படம் எடுத்துவையுங்கள். தாள்களைப் பால் கவரில் போட்டுக் கட்டினாலே போதும், அதற்கென்று தனி உறை வாங்க வேண்டியதில்லை.

3. எல்லாரையும் எழுத முயலாதீர்கள்

எங்கள் முதல் பட்டியலில் 14 பெயர்கள் இருந்தன. 20 பக்கத்தில் 14 பேர் என்றால் ஒவ்வொருவருக்கும் பிறந்த ஊர், இறந்த ஆண்டு, ஒரு படம், அவ்வளவுதான் வரும். ஆசிரியை சொன்ன வழி எளிதாக இருந்தது: ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள், அதற்கு வேறு வேறு பதில் சொன்ன மூன்று நான்கு பேரை மட்டும் எடு.

மகள் எடுத்த கேள்வி, "உலகம் எதனால் ஆனது?" தேலீஸ் தண்ணீர் என்றார். அனாக்சிமெனிஸ் காற்று என்றார். எம்பெடோக்ளிஸ் மண், நீர், தீ, காற்று ஆகிய நான்கும் என்றார். டெமாக்ரிடஸ், மேற்கொண்டு பிளக்க முடியாத நுண்துகள்கள் என்றார். அணுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், பிளக்க முடியாதது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் வந்தது. அறிவியல் பாடத்தில் அணுவைப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு இது சட்டென்று பிடித்துக்கொண்டது.

வேறு கேள்விகளும் எடுக்கலாம். "நல்ல வாழ்க்கை எது?" என்றால் சாக்ரடீஸ், எபிகூரஸ், டயோஜெனிஸ் என்று போகலாம். "கண்ணால் காண்பது உண்மையா?" என்றால் ஹெராக்ளிட்டஸ், பார்மெனிடிஸ், பிளேட்டோ. ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் கேள்விதான் தோது. கைக்கு எட்டும் பொருள்களை வைத்துப் பேசலாம்.

4. நூலகத்துக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை

புதுச்சேரியில் இருப்பவர்களுக்குப் பாரதி பூங்கா பக்கத்தில் ரொமென் ரோலன் நூலகம் இருக்கிறது. 1827இல் தொடங்கியது. கடலூரில் மாவட்ட மைய நூலகம். கிளம்புவதற்கு முன் வேலை நேரத்தையும் விடுமுறை நாளையும் விசாரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் முதல் தடவை பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

உறுப்பினராக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் பெற்றோரின் ஆதார் நகல், முகவரிச் சான்று, பிள்ளையின் பள்ளி அடையாள அட்டை, இரண்டு பாஸ்போர்ட் அளவு படங்கள் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு முகவரியில்தான் சிக்கல் வரும். ஆதாரில் பழைய ஊர் இருந்தால், இப்போதைய முகவரிக்கு வேறென்ன ஏற்றுக்கொள்வார்கள் என்று முன்னரே கேளுங்கள். புராஜெக்ட் ஒன்றுக்காக மட்டும் என்றால் அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுப்பது போதும். எங்களுக்கு இரண்டு சனிக்கிழமை முன்பகல்கள் போதுமாக இருந்தன.

அலமாரியில் தேடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பொருள்வாரியாக எண் கொடுத்து நூல்களை அடுக்கும் டூயி தசம முறையைப் பின்பற்றும் நூலகமானால் 180 முதல் 189 வரையுள்ள எண்களில் பண்டைய, இடைக்காலத் தத்துவ நூல்கள் இருக்கும். தமிழ் நூல் தேடும்போது பெயரின் எழுத்து ஒரே மாதிரி இருக்காது. சாக்ரடீஸ், ஸாக்ரடீஸ், சாக்ரட்டீசு என மூன்றையும் பாருங்கள். வெ. சாமிநாத சர்மா "பிளேட்டோவின் அரசியல்" என்று மொழிபெயர்த்த நூல் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சற்றுக் கடினம்தான், ஆனால் நான் பின்னால் சொல்லும் குகைக் கதை வரும் பகுதியைப் பெற்றோர் உடன் உட்கார்ந்து படித்துக்காட்டலாம்.

5. வீட்டில் உட்கார்ந்து பேசும் பகுதி

இதற்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும் என்று சொல்வேன். நான் பார்த்தவரை பல வீடுகளில் இந்தப் பகுதியைக் கடைசி இரவில் பிள்ளையே கற்பனையாக எழுதிவிடுகிறது. "என் தந்தை தண்ணீர் முக்கியம் என்றார், என் தாய் ஆம் என்றார்" என்று.

எங்கள் வீட்டில் அது தொடங்கிய விதத்தைச் சொல்கிறேன். என் மாமியாரைப் பிள்ளைகள் ஆயா என்று கூப்பிடுவார்கள். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மகள் எதிரே உட்கார்ந்து, "ஆயா, உலகத்தில் இருக்கிற எல்லாமே ஒரே பொருளிலிருந்து வந்தது என்றால் அது எதுவாக இருக்கும்?" என்று கேட்டாள். ஆயாவின் கை நிற்கவில்லை.

"மண்தான். வேறென்ன?"

"தேலீஸ் தண்ணீர் என்கிறார் ஆயா."

"அவர் எந்த ஊர்?"

"மிலேட்டஸ். கடலோர ஊர். இப்போது துருக்கியில் இருக்கிறது."

"அதுதான் பார். கடலைப் பார்த்தபடி வளர்ந்தவருக்குத் தண்ணீர் தெரிகிறது. நான் கொல்லையில் களை எடுத்தவள். எனக்கு மண் தெரிகிறது."

மகள் எழுந்துபோய்க் குறிப்பேட்டை எடுத்துவந்து அதை அப்படியே எழுதினாள். பின்னால் ஆசிரியை அந்த ஒரு வரியின் கீழேதான் சிவப்பு மையில் கோடு போட்டு, "மிக நன்று" என்று எழுதியிருந்தார். கடையில் வாங்கிய 20 பக்கத்தில் அப்படி ஒரு வரி கிடைக்காது.

மறுநாள் எம்பெடோக்ளிஸ் சொன்ன நான்கைப் படித்துக்காட்டியபோது ஆயா விரல்விட்டு எண்ணினார். மண், நீர், தீ, காற்று. கட்டைவிரல் மிச்சம் நின்றது. "ஆகாயத்தை எங்கே விட்டார்கள்?" என்றார். அந்தக் கேள்விக்கு விடை தேடிப்போன மகள், விண்ணுலகுக்கென்று ஐந்தாவதாக ஈதர் என்ற ஒன்றை அரிஸ்டாட்டில் சேர்த்ததைக் கண்டுபிடித்தாள். நிலம், விசும்பு, வளி, தீ, நீர் என்று ஐந்தையும் வரிசையாகச் சொல்லும் புறநானூற்றின் இரண்டாம் பாடலை அவளுடைய தமிழாசிரியர் எடுத்துக்கொடுத்தார். இங்கே ஓர் எச்சரிக்கை: இரண்டும் ஒத்திருக்கின்றன என்று எழுதுங்கள், இவரைப் பார்த்து அவர் எழுதினார் என்று எழுதாதீர்கள். அதற்குச் சான்று கேட்டால் பிள்ளை மாட்டிக்கொள்ளும்.

பேச்சுக்கு ஆட்களைச் சேர்க்கும்போது அவரவர் தொழிலைத் தொடும் செய்தியைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். என் கணவர் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். படிப்பு என்றால் "அம்மாவைக் கேள்" என்று எழுந்துபோகிறவர். அவரிடம் மகள், அரிஸ்டாட்டில் எழுதிவைத்துள்ள தேலீஸ் கதையைச் சொன்னாள். தத்துவம் படித்து என்ன பயன், ஏழையாகத்தானே இருக்கிறாய் என்று ஊரார் ஏளனம் செய்தார்களாம். தேலீஸ் வானத்தைக் கணித்து, அடுத்த பருவத்தில் ஒலிவம் (ஆலிவ்) நன்றாகக் காய்க்கும் என்று அறிந்து, குளிர்காலத்திலேயே சுற்றுவட்டாரத்துச் செக்குகளையெல்லாம் குறைந்த முன்பணத்துக்குப் பிடித்துவைத்தார். அறுவடை வந்ததும் எல்லாரும் அவரிடம்தான் வர வேண்டியிருந்தது. விரும்பினால் சம்பாதிக்கவும் தெரியும், நாட்டம் அதில் இல்லை என்று காட்டினார் என்பது கதை.

"மல்லாட்டைச் செக்கு மாதிரியா?" என்று ஆயா இடையில் கேட்டார். என் கணவர் அதற்குப் பதில் சொல்லாமல், தை முகூர்த்தத்துக்கு ஐப்பசியிலேயே அண்டாவுக்கு முன்பணம் கொடுத்துவைக்கிறவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பிறகு, எல்லாச் செக்கையும் ஒருவரே பிடித்துக்கொண்டால் கையில் காசில்லாத குடியானவன் எண்ணெய்க்கு எங்கே போவான் என்று அவராகவே கேட்டார். அரை மணி நேரம் போனது. அப்பா இவ்வளவு பேசுவார் என்று மகளுக்கு அன்றுதான் தெரியும்.

செலவில்லாத செய்முறைகள் இரண்டு. பெண்களைவிட ஆண்களுக்குப் பல் அதிகம் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். எண்ணிப் பாருங்கள். டார்ச் அடித்து மகள் எங்கள் இருவர் வாயிலும் எண்ணினாள். எனக்கு 32, என் கணவருக்கு 29, அவருக்கு மூன்று பல் பிடுங்கியது. பிடுங்கியதையும் சேர்த்து எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாமும் அதே பிழையைச் செய்தவர்கள் ஆவோம் என்று அவளே சொன்னாள். இன்னொன்று, எலியா ஊர் ஜீனோவின் புதிர். சுவரிலிருந்து 16 அடி தள்ளித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுச் சின்னவனை நிறுத்தினோம். ஒவ்வொரு தடவையும் மீதித் தூரத்தில் பாதி மட்டும் நடக்க வேண்டும். 8 அடி, 4 அடி, 2, 1, அரை. சுவர் மூக்கில் இடிக்கிற தூரத்தில் இருந்தும் கணக்குப்படி அவன் போய்ச் சேரவில்லை. அந்தக் கோடுகளைப் படம் எடுத்து ஒட்டினோம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சாக்ரடீஸின் தாய் மருத்துவச்சி. தானும் அந்த வேலையைத்தான் செய்வதாக, பிறர் மனத்தில் இருக்கும் எண்ணத்தை வெளியே கொண்டுவர உதவுவதாக அவர் சொன்னதைப் பிளேட்டோ எழுதிவைத்திருக்கிறார். மகள் இதைப் படித்ததும் ஆயா, "மருத்துவச்சி பிள்ளை பெறுவதில்லை, பெற வைக்கிறாள்" என்றார். நான் அதுவரை மகளின் வாக்கியங்களைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். அன்றோடு பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நீங்களும் எழுத்துப்பிழையை மட்டும் பாருங்கள், கருத்தைத் தொடாதீர்கள். வீட்டில் சண்டை வந்தால் அதையும் எழுதட்டும். ஏறத்தாழ 500 நடுவர்கள் கொண்ட ஏதென்ஸ் நீதிமன்றம் சாக்ரடீஸுக்கு மரண தண்டனை கொடுத்தது சரியா என்று எங்கள் வீட்டில் இரண்டு இரவுகள் தகராறு நடந்தது. சட்டத்தை மதித்துச் சிறையிலிருந்து தப்பாமல் இருந்தது பெரிய செயல் என்றார் என் கணவர். பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்திருக்க வேண்டும் என்றேன் நான். முடிவுக்கு வராமலே அது புராஜெக்ட்டில் இருக்கிறது.

பதிவு செய்யும்போது பேசியவரின் உறவு, பேசிய தேதி, இடம் மூன்றையும் ஒவ்வொரு உரையாடலின் தலைப்பிலும் எழுதுங்கள். செல்போனில் பதிவு செய்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் போனைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வார்கள், ஆகவே நாங்கள் குறிப்பேட்டோடு நிறுத்திக்கொண்டோம்.

புயலுக்கு மறுநாள் இரவு கரண்ட் இல்லை. கட்டில்மேல் ஐந்து பேரும் ஏறி உட்கார்ந்திருந்தோம், கீழே தண்ணீர். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மகள் கையை மடக்கி மான், நாய் என்று சுவரில் நிழல் காட்டிக்கொண்டே பிளேட்டோவின் குகைக் கதையைத் தம்பிக்குச் சொன்னாள். பிறந்ததிலிருந்து குகையில் கட்டிப்போட்டவர்கள், சுவரில் விழும் நிழல்தான் உலகம் என்று நம்புகிறவர்கள். ஒருவன் மட்டும் வெளியே போய்ச் சூரியனைப் பார்த்துவிட்டு, மற்றவர்களிடம் சொல்லத் திரும்பி வருகிறான். "வெளியே அவ்வளவு நன்றாக இருந்தால் அவன் ஏன் திரும்பி வந்தான்?" என்று சின்னவன் கேட்டான். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆயா இருட்டிலிருந்து, "அவன் பிள்ளைகள் உள்ளே இருந்தார்களோ என்னவோ" என்றார். யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

6. நேரம் இருந்தால் அரிக்கமேடு

இது கட்டாயம் இல்லை. ஆனாலும், புதுச்சேரிப் பிள்ளைக்குக் கிரேக்க மொழி தன் ஊர் மண்ணைத் தொட்டிருக்கிறது என்று தெரிவது நல்லது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட கடல்வழிக் கையேடு ஒன்று பொதுகே என்ற துறைமுகத்தைக் குறிப்பிடுகிறது. அது அரிக்கமேடு இருக்கும் இந்தப் பகுதிதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. 1945இல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழாய்வு செய்தார். அங்கே கிடைத்த மத்தியதரைக் கடல் பகுதி மண்பாண்டத் துண்டுகளைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். நூலகம் போகும் நாளிலேயே இதையும் சேர்த்துக்கொண்டால் ஒரே பஸ் செலவு.

எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போங்கள். மேட்டில் மாந்தோப்பும் ஆறும் தவிரக் கண்ணுக்குத் தெரிவது ஒரு செங்கல் கட்டடத்தின் இடிபாடு. அது 18ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ மடத்தின் எச்சம். "கிரேக்கர் கட்டிய சுவர்" என்று தலைப்பிட்டுப் படம் ஒட்டிவிடாதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடம், ஓடு கிடந்தாலும் எடுத்து வரக்கூடாது. சாக்ரடீஸ் இறந்தது கி.மு. 399இல். அரிக்கமேட்டின் ரோமானிய வணிகம் செழித்தது அதற்குச் சில நூற்றாண்டுகள் கழித்து. இரண்டையும் ஒரே காலம்போல எழுதுவது பலர் செய்யும் தவறு.

7. மதிப்பெண் போகும் இடங்கள்

கி.மு. ஆண்டுக் கணக்கு முதலில். எண் குறையக் குறையக் காலம் பின்னால் வருகிறது. அரிஸ்டாட்டில் கி.மு. 384 முதல் 322 வரை வாழ்ந்தவர். இதை மகள் முதலில் 322இல் பிறந்து 384இல் இறந்ததாக மாற்றி எழுதியிருந்தாள். ஒரு கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் பெயர்களை மாட்டிப் பார்த்ததும் தெளிவாகிவிட்டது. சாக்ரடீஸ் இறந்து 15 ஆண்டுகள் கழித்துத்தான் அரிஸ்டாட்டில் பிறந்தார் என்பதும் அந்தக் கயிற்றில் தெரிந்தது. "சாக்ரடீஸிடம் அரிஸ்டாட்டில் பாடம் கேட்டார்" என்ற வாக்கியம் பல ஆயத்தப் புராஜெக்ட்டுகளில் இருக்கிறது. சாக்ரடீஸிடம் பிளேட்டோ, பிளேட்டோவிடம் அரிஸ்டாட்டில் என்பதுதான் வரிசை.

அடுத்தது மேற்கோள். சாக்ரடீஸ் ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. அவர் பேச்சென்று நமக்குக் கிடைப்பது பிளேட்டோ, செனபோன் போன்றவர்கள் எழுதியது. ஆகவே "பிளேட்டோ எழுதியபடி சாக்ரடீஸ் கூறியது" என்று எழுதினால் ஆசிரியர் மகிழ்வார். வாட்ஸ்அப்பில் வெள்ளைத் தாடிச் சிலையின் படத்தோடு வரும் பொன்மொழிகளை நம்ப வேண்டாம். "உன்னையே அறிந்துகொள்" என்பது டெல்ஃபியில் அப்போலோ கோயிலில் பொறித்திருந்த வாசகம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு 1956இல் வந்த "ராஜா ராணி" படத்தில் சிவாஜி கணேசன் சாக்ரடீஸாக நடித்த காட்சி மனப்பாடமாக இருக்கும். ஆயாவும் சொல்லிக்காட்டினார், கேட்கக் கேட்கச் சிலிர்ப்பாக இருந்தது. அது மு. கருணாநிதி எழுதிய வசனம். குடும்ப உரையாடல் பகுதியில் அப்படிச் சொல்லியே சேருங்கள், ஏதென்ஸ் நீதிமன்றத்தில் பேசியதாகச் சேர்க்காதீர்கள்.

படங்களிலும் கவனம் வேண்டும். எல்லாரும் ஒட்டும் ரஃபேலின் "ஏதென்ஸ் பள்ளி" ஓவியம் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்தது. வேறு வேறு நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர்களை ஒரே மண்டபத்தில் நிறுத்தியிருக்கிறார். சாக்ரடீஸ் நஞ்சு அருந்தும் ஓவியம் 1787இல் டாவிட் வரைந்தது. கட்டிலின் காலடியில் முதியவராக உட்கார்ந்திருப்பவர் பிளேட்டோ. உண்மையில் அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, உடல்நலமில்லாமல் அன்று அங்கே போகவும் இல்லை என்று அவர் நூலிலிருந்தே தெரிகிறது. ஒவ்வொரு படத்தின் கீழும் வரைந்தவர் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். டயோஜெனிஸ் பீப்பாயில் வாழ்ந்ததாகப் படம் போடுவார்கள். அவர் தங்கியது பெரிய மண் ஜாடியில். நம் ஊர்த் தாழியை நினைத்துக்கொண்டால் வரைந்துவிடலாம்.

துணைநூல் பட்டியலில் "கூகுள்" என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது. நூல் என்றால் ஆசிரியர், பெயர், பதிப்பகம், ஆண்டு. இணையப் பக்கம் என்றால் அதன் பெயரும் பார்த்த தேதியும்.

8. செலவு

2024இல் எங்களுக்கு ஆனது இது: ஏ4 தாள் 30 ரூபாய், ஸ்கெட்ச் பேனா 50, கலர் பிரிண்ட் ஐந்து பக்கம் 75, ஸ்பைரல் பைண்டிங் 60. ஆக 215 ரூபாய், இதற்குமேல் மூன்று தடவை பஸ் செலவு. நனைந்த தாளுக்குப் பதில் மறுபடி வாங்கியது 30. கையால் எழுதுவதாக இருந்தால் அச்சுச் செலவே கிடையாது. படங்களை எல்லாம் கலரில் எடுக்க வேண்டியதில்லை. வரைபடத்தையும் ஓவியங்களையும் மட்டும் கலரில் எடுத்து, மீதியைப் பிள்ளையே வரையட்டும். பைண்டிங் செய்யும் முன் இடது ஓரத்தில் ஓர் அங்குலம் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் மூன்று பக்கங்களில் எழுத்தின்மேலேயே ஓட்டை விழுந்தது. புயல், தொடர்மழை சமயத்தில் கடைகளில் கூட்டம் நெரியும், கரண்ட் வராமல் கடை திறக்காமலும் போகும். அச்சு வேலையை வாரக் கடைசிக்கு வைக்காதீர்கள்.

9. ஒப்படைக்கும் நாள்

முதல் நாள் இரவு பிள்ளையை எதையும் மனப்பாடம் செய்யவிடாதீர்கள். புராஜெக்ட்டை மூடிவைத்துவிட்டு, "எந்தக் கேள்வியை எடுத்தாய், ஏன் எடுத்தாய், யார் பதில் உனக்குப் பிடித்தது, யாரோடு உனக்கு உடன்பாடில்லை?" என்று வீட்டில் ஒருவர் கேளுங்கள். வாய்மொழித் தேர்வில் ஏறக்குறைய இவைதான் வரும். எங்கள் வீட்டில் ஆயா கேட்டார். மகள் டெமாக்ரிடஸ் பக்கம் நின்றாள். ஆயா மண்ணை விட்டுக்கொடுக்கவில்லை.

ஒப்படைக்கும்போது ஆசிரியரின் கையெழுத்துக்கான சான்றிதழ்ப் பக்கம் நிரப்பியிருக்கிறதா, பெயரும் வகுப்பும் வரிசை எண்ணும் அட்டையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முழுவதையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வையுங்கள். பள்ளிகள் புராஜெக்ட்டுகளை ஆண்டு இறுதிவரை வைத்திருந்துவிட்டுக் கழித்துவிடுவது உண்டு. திரும்பத் தருவார்களா என்று ஒப்படைக்கும் அன்றே கேட்டு, தருவார்கள் என்றால் மார்ச் மாதத்தில் ஒரு தேதியை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுடையதை வாங்கி வந்தோம். ஆயா சொன்னது இருக்கும் பக்கத்தைச் சின்னவன் அவருக்கு வாரம் ஒரு தடவையாவது வாசித்துக்காட்ட வேண்டியிருக்கிறது.